வேறு மாநிலத்துத் துப்பாக்கி பெர்மிட் ஆற்றைத் தாண்டினால் ஏன் செல்லாது?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் குடியிருக்கும் ஒரு சகோதரி கேட்டிருப்பது இது. கணவரிடம் கைத்துப்பாக்கியை மறைவாக உடன் வைத்துக்கொள்ள அந்த மாநிலம் கொடுத்த பெர்மிட் இருக்கிறது. நியூ ஜெர்சியில், எடிசனில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு அடிக்கடி காரில் போய்வருகிறார்கள். டிரைவிங் லைசென்ஸ் எல்லா மாநிலத்திலும் செல்லும்போது இது மட்டும் ஏன் இரண்டு மாநிலத்துக்கும் எல்லையான டெலவேர் ஆற்றைத் தாண்டினால் செல்லாது? அதை ஏற்பதா வேண்டாமா என்று சட்டமன்றங்களில் வருஷா வருஷம் ஏன் இப்படி மல்லுக்கட்டுகிறார்கள்? உண்மையில் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, இன்றைக்குச் சட்டம் என்ன என்பது. அதற்குப் பதில் சின்னது: அந்தத் துப்பாக்கியை எடிசனுக்குக் கொண்டு போகாதீர்கள். இன்னொன்று, ஒருவர் ஆயுதத்தோடு நடமாடத் தகுதியானவரா என்பதை முடிவு செய்வது யார் என்பது. அவருக்கு பெர்மிட் கொடுத்த மாநிலமா, அவர் இப்போது நடந்துகொண்டிருக்கும் மாநிலமா? சட்டமன்றச் சண்டை எல்லாம் இந்த இரண்டாவது கேள்வியில்தான்.

நான் வர்ஜீனியாவில் கிரிமினல் வழக்குகள் நடத்தும் வக்கீல். கார் நிறுத்தப்பட்டபோது துப்பாக்கியோடு பிடிபட்ட வெளிமாநிலத்துக்காரர்கள் என் கட்சிக்காரர்களாக வருவது வழக்கமான விஷயம். எங்கள் தலைநகர் ரிச்மண்டில், வெளிமாநில பெர்மிட்டை ஏற்பது பற்றிய மசோதாக்கள் கமிட்டிக்கு வரும்போது போய் உட்கார்ந்து கேட்பதும் உண்டு. நியூ ஜெர்சியில் வழக்காட எனக்கு உரிமம் கிடையாது. ஆகவே அந்த மாநிலத்தைப் பற்றிச் சொல்வதைப் பொதுவான விளக்கமாக எடுத்துக்கொண்டு, உங்கள் விவரத்தை அங்குள்ள வக்கீலிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

டிரைவிங் லைசென்ஸ் ஒப்பீடு எல்லோருக்கும் முதலில் தோன்றுவதுதான், கமிட்டியில் பேச வருகிறவர்களும் தவறாமல் சொல்வார்கள். ஆனால் டிரைவிங் லைசென்ஸ் எல்லா இடத்திலும் செல்லுவதற்கு அரசியலமைப்புச் சட்டம் காரணமில்லை. ஒரு மாநிலத்தின் ஆவணங்களையும் கோர்ட் தீர்ப்புகளையும் மற்ற மாநிலங்கள் மதிக்க வேண்டும் என்று 4-வது ஷரத்து சொல்கிறது, சரி. ஆனால் கோர்ட்டுகள் அதைத் தீர்ப்புகளுக்குத்தான் கறாராகப் பொருத்தியிருக்கின்றன, உரிமங்களுக்கு அல்ல. டிரைவிங் லைசென்ஸை ஒவ்வொரு மாநிலமும் தன் சொந்தச் சட்டத்தில் எழுதி ஏற்றுக்கொண்டது. ஏற்க முடிந்ததற்குக் காரணம், எங்கே போனாலும் கண் பார்வை, எழுத்துத் தேர்வு, ஓட்டிக் காட்டுவது என்று சோதனை கிட்டத்தட்ட ஒன்றாக இருந்ததுதான். டாக்டர், நர்ஸ், வக்கீல் உரிமங்கள் அப்படித் தானாகச் செல்லுவதில்லை. என்னுடையது பொட்டோமாக் ஆற்றைத் தாண்டி மேரிலாந்துக்குள் நுழைந்தால் செல்லாது, அதை யாரும் அநியாயம் என்று சொல்வதில்லை. கல்யாணத்தை எடுத்துக்கொண்டாலும், ஒரே பாலினத்தவர் திருமணங்களைப் பல மாநிலங்கள் 2015-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லும் வரைக்கும் ஏற்க மறுத்துக்கொண்டுதான் இருந்தன.

துப்பாக்கி பெர்மிட்டில் சோதனை ஒன்றாக இல்லை, பக்கத்தில்கூட இல்லை. 29 மாநிலங்களில் இன்று மறைவாகத் துப்பாக்கி வைத்துக்கொள்ள பெர்மிட்டே தேவையில்லை. வெர்மான்ட் ஆரம்பத்திலிருந்தே கேட்டதில்லை. அலாஸ்கா 2003-லும் அரிசோனா 2010-லும் கைவிட்டன, ஃப்ளோரிடா 2023 ஜூலையில் சேர்ந்தது. உங்கள் பென்சில்வேனியாவில் பெர்மிட் வேண்டும், 21 வயது ஆகியிருக்க வேண்டும், குற்றப் பின்னணிச் சோதனை உண்டு. ஆனால் பயிற்சி வகுப்போ சுட்டுக் காட்டுவதோ கிடையாது, ஷெரிஃப் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தால் முடிந்தது. இல்லினாயில் 16 மணி நேர வகுப்பு. நியூ யார்க்கில் 2022-க்குப் பிறகு 16 மணி நேர வகுப்பும் சுடும் தளத்தில் 2 மணி நேரமும். இண்டியானாவில் 18 வயதிலேயே லைசென்ஸ் கிடைக்கும். இப்போது நியூ யார்க் சட்டமன்ற உறுப்பினர் இடத்தில் இருந்து பாருங்கள். தன் ஊர்க்காரர் பயிற்சி முடித்து, விண்ணப்பம் போட்டுக் காத்திருந்து வாங்கும் ஒன்றை, எந்தப் பயிற்சியும் இல்லாமல் பக்கத்து மாநிலத்தில் வாங்கிய ஒருவர் அதே தெருவில் வைத்துக்கொண்டு நடக்கலாம் என்று எப்படி எழுதுவது என்று அவர் கேட்பார். பென்சில்வேனியாக்காரர் இடத்தில் இருந்து பார்த்தால், வீட்டிலிருந்து அரை மணி நேர ஓட்டத்தில், ஒரு பாலத்தின் நடுவில், சட்டத்தை மதிக்கும் குடிமகன் குற்றவாளி ஆகிவிடுகிறார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இந்த விவாதம் முடியமாட்டேன் என்கிறது.

இதை மாநிலங்கள் நாலைந்து விதமாகக் கையாளுகின்றன. நியூ ஜெர்சி, நியூ யார்க், கலிஃபோர்னியா, மேரிலாந்து, ஒரேகான் போன்றவை யாருடையதையும் ஏற்பதில்லை. இல்லினாயும் ஏற்பதில்லை. ஆனால் சொந்த மாநில பெர்மிட் உள்ளவர் காருக்குள் வைத்துக்கொண்டு கடந்து போகலாம் என்று ஒரு சலுகை வைத்திருக்கிறது. சில மாநிலங்கள் எல்லோருடையதையும் ஏற்கின்றன. சில, "நீ என்னுடையதை ஏற்றால் நான் உன்னுடையதை ஏற்கிறேன்" என்று பரஸ்பர ஒப்பந்தம் போடுகின்றன. சில, தன் தகுதி விதிகளுக்கு ஈடாக இருக்கிறதா என்று மாநில அரசின் தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரலோ மாநில போலீஸோ பார்த்துப் பட்டியல் போட வேண்டும் என்கின்றன. ஃப்ளோரிடா, கொலராடோ போன்றவை இன்னொரு நிபந்தனை சேர்க்கின்றன: நீங்கள் குடியிருக்கும் மாநிலம் கொடுத்த பெர்மிட்டாக இருந்தால்தான் ஏற்பார்கள்.

அந்தக் கடைசி நிபந்தனை சாதாரணமாகத் தெரியும். ஆனால் பாதிச் சண்டை அதிலிருந்துதான் பிறக்கிறது. யூட்டா மாநிலம் அங்கே குடியிருக்காதவர்களுக்கும் பெர்மிட் கொடுக்கிறது. அதற்கான வகுப்பை யூட்டாவுக்குப் போகாமல் நாட்டின் வேறு மூலையிலேயே எடுத்துக்கொள்ளலாம், சுட்டுக் காட்ட வேண்டியதில்லை. நிறைய மாநிலங்கள் அதை ஏற்பதால் அது ஒரு பாஸ்போர்ட் மாதிரி விற்பனையானது. ஃப்ளோரிடா பெர்மிட்டும் அப்படித்தான். பென்சில்வேனியாவிலேயே இது பெரிய விவகாரமானது உங்களுக்கு நினைவிருக்கலாம். ஃபிலடெல்ஃபியாவில் பெர்மிட் மறுக்கப்பட்டவர்கள் தபாலில் ஃப்ளோரிடா பெர்மிட் வாங்கி அதே ஃபிலடெல்ஃபியா தெருவில் துப்பாக்கியோடு நடந்தார்கள். 2013-ல் அப்போதைய அட்டர்னி ஜெனரல் கேத்லீன் கேன் ஒப்பந்தத்தைத் திருத்தி, பென்சில்வேனியாவில் குடியிருப்பவருக்கு ஃப்ளோரிடா பெர்மிட் உதவாது என்று ஆக்கினார். துப்பாக்கி உரிமையை ஆதரிக்கும் என் நண்பர்களில் சிலரே, நேராக விவாதித்தால் இந்த ஓட்டையை அடைத்தது சரிதான் என்று ஒப்புக்கொள்வார்கள்.

மாநிலச் சட்டமன்றத்தில் இந்த விவாதம் எப்படிப் போகும் என்பதற்கு வர்ஜீனியாவில் 2015-16 குளிர்காலத்தில் நடந்ததைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அப்போதைய சட்டப்படி, இங்கே யாருக்கெல்லாம் பெர்மிட் மறுக்கப்படுமோ அவர்களை மற்ற மாநிலமும் தடுக்கிறதா என்று அட்டர்னி ஜெனரலோடு கலந்து மாநில போலீஸ் பார்க்க வேண்டும். உதாரணமாக, குடித்துவிட்டு வண்டி ஓட்டித் தண்டனை பெற்று மூன்று வருஷம் ஆகாதவருக்கு வர்ஜீனியா பெர்மிட் கிடையாது. பல மாநிலங்களில் அப்படி ஒரு தடை இல்லை. அட்டர்னி ஜெனரல் மார்க் ஹெர்ரிங் ஒவ்வொரு மாநிலச் சட்டத்தையும் எடுத்து ஒப்பிட்டு, 2015 டிசம்பரில், அதுவரை ஏற்கப்பட்டு வந்த 30 மாநிலங்களில் 25-ன் பெர்மிட் இனி செல்லாது என்று அறிவித்தார். மிஷிகன், ஓக்லஹோமா, டெக்சஸ், யூட்டா, மேற்கு வர்ஜீனியா மட்டும் மிஞ்சின. பென்சில்வேனியாவும் வெட்டுப்பட்ட பட்டியலில்தான் இருந்தது.

வெளிமாநிலத்தார் மேல் விழுந்ததைவிட, இந்த அடி வர்ஜீனியாக்காரர்கள் மேல்தான் பலமாக விழுந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பரஸ்பரம் என்று சட்டம் வைத்திருக்கும் மாநிலங்கள், நாம் ஏற்காவிட்டால் நம்முடையதையும் ஏற்காது. விடுமுறைக்குத் தெற்கே காரில் இறங்குகிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரே அறிவிப்பில் வழி அடைபட்டது. ஜனவரியில் சட்டமன்றம் கூடியபோது இரண்டு அவையிலும் குடியரசுக் கட்சிக்குப் பெரும்பான்மை, கவர்னர் டெர்ரி மெக்காலிஃப் ஜனநாயகக் கட்சிக்காரர். எந்தப் பக்கமும் தனியாக எதையும் நிறைவேற்ற முடியாத நிலை. மார்ட்டின் லூதர் கிங் நாளன்று துப்பாக்கி உரிமைக்காரர்கள் சட்டையில் ஆரஞ்சு நிற ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு உறுப்பினர்களின் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவது இங்கே வருஷாந்திரச் சடங்கு. அந்த வருஷம் அவர்கள் கையில் ஒரே கோரிக்கைதான்.

மாதக் கடைசியில் பேரம் முடிந்தது. மற்ற மாநில பெர்மிட்டுகளை ஏறக்குறைய முழுவதுமாக ஏற்பது, அந்த முடிவை அட்டர்னி ஜெனரல் கையிலிருந்து எடுத்துச் சட்டத்திலேயே எழுதிவிடுவது என்பது ஒரு பக்கம். பதிலுக்கு, குடும்ப வன்முறைக்காகக் கோர்ட் நிரந்தரப் பாதுகாப்பு உத்தரவு போட்ட நபர் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது, 24 மணி நேரத்தில் கைமாற்றிவிட வேண்டும் என்பது இன்னொரு பக்கம். துப்பாக்கிக் கண்காட்சிகளில் தனியார் விற்பவர்கள் விரும்பினால் வாங்குகிறவரின் பின்னணியைச் சோதித்துத் தர மாநில போலீஸ் இருக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். கவர்னர் கையெழுத்துப் போட்டு, 2016 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. துப்பாக்கி உரிமைக்காரர்களின் பெரிய அமைப்பான என்ஆர்ஏ ஆதரித்தது. துப்பாக்கிக் கட்டுப்பாடு கோரும் எவ்ரிடவுன் அமைப்பு தன் பக்கத்துக் கவர்னரையே எதிர்த்து விளம்பரம் கொடுத்தது.

இந்தச் சட்டத்தின் வாசகத்தில் நான் என் கட்சிக்காரர்களுக்குக் காட்டுவது மூன்று விஷயம். பெர்மிட் வைத்திருப்பவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், அவருக்கு பெர்மிட் கொடுத்த மாநிலம் 18 என்று வைத்திருந்தாலும் சரி. அரசு கொடுத்த புகைப்பட அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும், போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும். வர்ஜீனியா ஏற்கெனவே அவருடைய பெர்மிட்டை ரத்து செய்திருந்தால், வேறு மாநிலத்தில் புதிதாக வாங்கிக்கொண்டு வந்து பயனில்லை. இந்த மூன்றாவது வரி சிறியது, ஆனால் முக்கியமானது. ஒரு மாநிலம் தள்ளுபடி செய்தவர் கொல்லைப்புறம் வழியாக நுழைவதை அது தடுக்கிறது. பழைய அதிகாரத்தை அட்டர்னி ஜெனரலுக்கே திருப்பித் தர வேண்டும் என்ற மசோதாக்கள் அதன் பிறகும் வந்துகொண்டிருக்கின்றன. ஆகவே வர்ஜீனியாவுக்கு வருவதாக இருந்தால் மாநில போலீஸ் வலைத்தளத்தில் அன்றைய நிலையைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கமிட்டி அறைகளில் கேட்கும் வாதங்களில் எனக்குக் கனமாகத் தெரிவதும் இலேசாகத் தெரிவதும் உண்டு. எதிர்ப்பவர்கள் சொல்வதில் கனமானது, நடுராத்திரியில் நெடுஞ்சாலையில் காரை நிறுத்தும் போலீஸ்காரரின் சங்கடம். அட்டை செல்லுபடியாகிறதா, போன மாதம் ரத்தானதா என்று தட்டிப் பார்க்க நாடு முழுவதற்குமான ஒரே பதிவேடு கிடையாது. அமெரிக்க டிரைவிங் லைசென்ஸை நொடியில் சரிபார்த்துவிடலாம். துப்பாக்கி பெர்மிட் விவரத்தைச் சில மாநிலங்கள் பகிர்கின்றன, சில ரகசியமாக வைத்திருக்கின்றன. ஆதரிப்பவர்கள் சொல்வதில் கனமானது, பெர்மிட் வாங்கியவர்கள் குற்றத்தில் சிக்குவது மிக அரிது என்பது. டெக்சஸ் இந்தக் கணக்கை வருஷா வருஷம் வெளியிடுகிறது, மொத்தத் தண்டனைகளில் பெர்மிட்காரர்களின் பங்கு மிகச் சிறியது. இலேசானவை எவை என்றால், "ரத்த ஆறு ஓடும்" என்ற பேச்சும் "குற்றமே இல்லாமல் போய்விடும்" என்ற பேச்சும். இரண்டையும் கேட்டால் நான் குறிப்பெடுப்பதை நிறுத்திவிடுவேன்.

ஆய்வுகள் எதைச் சொல்கின்றன என்பதையும் பிரித்தே சொல்ல வேண்டும். துப்பாக்கி ஏந்துவதை எளிதாக்கினால் குற்றம் குறையும் என்று பொருளாதார நிபுணர் ஜான் லாட் 1990-களில் எழுதியதிலிருந்து தொடங்கிய சண்டை அது. 2004-ல் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாவற்றையும் பரிசீலித்து, இருக்கும் ஆதாரத்தை வைத்து எந்தப் பக்கமும் முடிவு சொல்ல முடியாது என்றது. 2019-ல் ஜான் டோனஹூவும் கூட்டாளிகளும், அத்தகைய சட்டம் வந்து பத்து வருஷத்தில் வன்முறைக் குற்றம் 13 முதல் 15 சதவீதம் கூடுதலாக இருக்கிறது என்று கணித்தார்கள். ஆய்வுலகில் இன்று பலர் இந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். ஆனால் இவை எல்லாம் ஒரு மாநிலம் தன் சொந்த மக்களுக்கு விதியைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்று அளந்தவை. வந்து போகிறவரின் பெர்மிட்டை ஏற்பதால் மட்டும் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இந்த எண்களைத் தூக்கிப் போடுவது, எந்தக் கட்சிக்காரர் செய்தாலும், அளக்காததை அளந்ததாகச் சொல்வதுதான்.

இனி உங்கள் பாலத்துக்கு வருகிறேன். 2013 அக்டோபரில் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஒரு தாயை நியூ ஜெர்சியில் அட்லாண்டிக் சிட்டி எக்ஸ்பிரஸ்வேயில் போலீஸ் நிறுத்தியது. அவரே முந்திக்கொண்டு, "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, பென்சில்வேனியா பெர்மிட்டும் இருக்கிறது" என்று சொன்னார். அது இங்கேயும் செல்லும் என்று நினைத்திருந்தார். கைது செய்தார்கள். நியூ ஜெர்சியின் கிரேவ்ஸ் சட்டப்படி குறைந்தபட்சம் மூன்றரை வருஷம் பரோல் இல்லாத சிறை அவருக்கு முன்னால் இருந்தது. பெரிய கூச்சல் எழுந்த பிறகு வழக்கைச் சிறையில்லாத திட்டத்துக்கு மாற்றினார்கள். இப்படித் தெரியாமல் வரும் வெளிமாநிலத்தவரை எல்லாம் சிறைக்கு அனுப்பத் தேவையில்லை என்று 2014 செப்டம்பரில் அட்டர்னி ஜெனரல் அலுவலகம் அரசு வக்கீல்களுக்கு விளக்கம் எழுதியது. 2015-ல் கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கினார். என் தொழிலில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது. இந்தச் சட்டங்களில் மாட்டுகிறவர்களில் பெரும்பாலோர் நேர்மையாக வாயைத் திறந்தவர்கள். கெட்ட எண்ணத்தோடு எடுத்துப் போகிறவன் போலீஸிடம் தானாகச் சொல்லமாட்டான்.

"பூட்டி டிக்கியில் வைத்தால் போகலாம் என்று ஒரு மத்தியச் சட்டம் இருக்கிறதாமே" என்று அடுத்து கேட்பீர்கள். இருக்கிறது, 1986-ல் வந்தது. துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கியும் தோட்டாவும் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். டிக்கி இல்லாத வண்டியென்றால் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும், டாஷ்போர்டு அறையும் இருக்கைகளுக்கு நடுவிலுள்ள கன்சோலும் அதற்கு ஆகாது. எல்லாவற்றுக்கும் மேல், கிளம்பும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் அதை வைத்திருந்து உடன் கொண்டுசெல்வது உங்களுக்குச் சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். அதாவது இது நியூ ஜெர்சியைக் கடந்து போகிறவருக்கு. எடிசனில் இறங்கி அண்ணன் வீட்டில் இரண்டு நாள் தங்குகிறவருக்கு இதை நம்பி இறங்குவது ஆபத்து. கடந்து போகிறவருக்குக்கூட இது எவ்வளவு மெல்லிய குடை என்று பாருங்கள். 2005-ல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவின் ஆலன்டவுனுக்குப் பறந்த ஒருவர் நியூவர்க்கில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டு, பெட்டியை வாங்கிக்கொண்டு ஹோட்டலில் ஒரு ராத்திரி தங்கினார். மறுநாள் காலையில் விமான நிலையத்தில், முறைப்படி, பெட்டிக்குள் துப்பாக்கி இருக்கிறது என்று அறிவித்தார். கைது. வழக்கு பிறகு கைவிடப்பட்டது. ஆனால் அவர் நஷ்டஈடு கேட்டுப் போனபோது, ஹோட்டலில் இருந்த நேரம் பெட்டி அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததால் அந்த மத்தியச் சட்டம் காப்பாற்றாது என்று 2010-ல் அந்த வட்டாரத்துக்கான மத்திய கோர்ட்டான மூன்றாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட் சொல்லிவிட்டது.

இதற்கெல்லாம் மேல் 2022 ஜூனில் சுப்ரீம் கோர்ட் ஒரு பெரிய கதவைத் திறந்தது. வீட்டுக்கு வெளியிலும் கைத்துப்பாக்கி ஏந்துவது அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் தரும் உரிமை, "எனக்குத் தனிப்பட்ட விசேஷத் தேவை இருக்கிறது" என்று நிரூபிக்கச் சொல்லும் நியூ யார்க்கின் நூறாண்டுக்கு மேல் பழைய விதி செல்லாது என்று ப்ரூயன் வழக்கில் 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. பின்னணிச் சோதனை, பயிற்சி போன்ற எல்லோருக்கும் பொதுவான விதிகளை அது தொடவில்லை. இதிலிருந்து பலர், "உரிமை என்று ஆகிவிட்டது, அப்படியென்றால் எல்லையில் நிற்குமா?" என்கிறார்கள். நல்ல கேள்வி, ஆனால் கோர்ட்டுகள் அவ்வளவு தூரம் போகவில்லை. மாசசூசெட்ஸில் நியூ ஹாம்ப்ஷயர்க்காரர்கள் இரண்டு பேர் வழக்கில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் சொன்னது எனக்குத் தெளிவாகப் படுகிறது. அதிகாரி இஷ்டப்பட்டால் கொடுக்கலாம் என்றிருந்த பழைய விதி வெளிமாநிலத்தவருக்கும் செல்லாது. ஆனால் தகுதி இருந்தால் கொடுத்தே ஆக வேண்டும் என்ற புதிய விதியின்படி, உள்ளே வரும் முன் எங்கள் லைசென்ஸ் வாங்கு என்று கேட்பது செல்லும். ஆக, உங்கள் பெர்மிட்டை ஏற்க மறுப்பது வேறு, உங்களுக்கு விண்ணப்பிக்கவே வழி இல்லாமல் அடைப்பது வேறு. முதலாவது இப்போதைக்கு நிற்கிறது. இரண்டாவது நிற்காது என்று உறுதியாகவே சொல்வேன். நியூ யார்க் நகரம் 2024-ல் வெளிமாநிலத்தவரும் விண்ணப்பிக்க வழி செய்ததும் இந்த நெருக்கடியில்தான்.

வாஷிங்டனில் ஒரே சட்டம் போட்டு எல்லா மாநிலத்தையும் ஏற்க வைக்கும் முயற்சியும் பழையது. 2009-ல் செனட்டில் 58 ஓட்டு, 2013-ல் 57 ஓட்டு. இரண்டு முறையும் தேவைப்பட்ட 60 கிடைக்கவில்லை. 2017 டிசம்பரில் கீழ்சபையில் 231-க்கு 198 என்று நிறைவேறி செனட்டில் படுத்துவிட்டது. 2025-ல் மறுபடி கமிட்டியைத் தாண்டியது. அந்த மசோதா பெர்மிட்டே கேட்காத மாநிலத்துக்காரரையும் வெறும் அடையாள அட்டையோடு அனுமதிக்கச் சொல்கிறது. அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. வாழ்நாள் முழுக்க மாநில உரிமை பேசியவர்கள் வாஷிங்டன் கட்டளையிடட்டும் என்கிறார்கள், வாஷிங்டன்தான் எல்லாவற்றுக்கும் மருந்து என்றவர்கள் மாநில உரிமைக் கொடி பிடிக்கிறார்கள். இதில் ஒரு சின்ன விசித்திரம்: பணியில் இருக்கும், ஓய்வுபெற்ற போலீஸ்காரர்களுக்கு மட்டும் 2004 முதல் நாடு முழுக்க மறைவாகத் துப்பாக்கி வைத்துக்கொள்ள மத்தியச் சட்டம் இருக்கிறது. அதை எதிர்த்து இவ்வளவு கூச்சல் எழுந்ததே இல்லை. என் கருத்தைக் கேட்டால், மாநிலமே தன் சட்டத்தில், 21 வயதான, சொந்த மாநிலத்தில் வாங்கிய பெர்மிட்டை ஏற்கலாம். தன் ஊர்க்காரருக்கு உள்ள தடைகள் வருகிறவருக்கும் பொருந்தும் என்று ஒரு வரி எழுதிவிட வேண்டும். அப்படி ஏற்க மனமில்லாத மாநிலம், வெளியூர்க்காரர் நியாயமான காலத்தில் வாங்கக்கூடிய லைசென்ஸ் வழியைத் திறந்து வைக்க வேண்டும்.

பெர்மிட் தேவைப்படாத மாநிலங்கள் ஏன் இன்னும் பெர்மிட் அச்சடிக்கின்றன என்று யோசித்தீர்களானால், இந்த வெளிமாநிலப் பயணம்தான் பெரிய காரணம். இண்டியானா ஐந்து வருஷ லைசென்ஸைக் கட்டணமே இல்லாமல் கொடுக்கிறது. ஐடஹோ சாதாரண பெர்மிட்டுக்கு மேல் இன்னொரு உயர்வகை வைத்திருக்கிறது: எட்டு மணி நேர வகுப்பு, அதில் 98 தோட்டா சுட்டாக வேண்டும். கறாரான மாநிலங்களையும் ஏற்க வைக்கத்தான் இந்த ஏற்பாடு. பலர் அறியாத இன்னொன்று, பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கியோடு இருப்பதைத் தடுக்கும் மத்தியச் சட்டம். அதன் விலக்கு, அந்தப் பள்ளி இருக்கும் மாநிலம் கொடுத்த லைசென்ஸ் உள்ளவருக்குத்தான். உங்கள் பெர்மிட்டை அந்த மாநிலம் அன்போடு ஏற்றாலும், அது கொடுத்த லைசென்ஸ் அல்ல உங்களிடம் இருப்பது. நகரத்துக்குள் பள்ளி இல்லாத 1,000 அடியைக் கண்டுபிடித்துக் கார் ஓட்டிப் பாருங்கள். வழக்குப் போடுவது அரிது, சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஏற்கும் மாநிலத்துக்குப் போனாலும் அங்குள்ள சட்டம்தான் உங்களுக்கு. மிஷிகனிலும் வட கரோலினாவிலும் போலீஸ் நிறுத்தினால் நீங்களாகச் சொல்லிவிட வேண்டும், வர்ஜீனியாவில் கேட்டால் காட்டினால் போதும். வர்ஜீனியாவில் மது பரிமாறும் ஹோட்டலுக்குள் பெர்மிட்காரர் மறைவாக வைத்துக்கொண்டு போகலாம், ஆனால் ஒரு மிடறுகூடக் குடிக்கக் கூடாது. கொலராடோவில் 15 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின் கூடாது, நியூ ஜெர்சியில் 10.

உங்கள் கணவருக்கு இருக்கும் வழி இரண்டு. எடிசன் போகும் நாட்களில் துப்பாக்கியை வீட்டில் பூட்டி வைத்துவிட்டுப் போவது, அல்லது வெளிமாநிலத்தவராக நியூ ஜெர்சி பெர்மிட்டுக்கே விண்ணப்பிப்பது. 2022-க்குப் பிறகு அதற்கு விசேஷக் காரணம் காட்டத் தேவையில்லை, பயிற்சியும் சிபாரிசு ஆட்களும் கட்டணமும் உண்டு. அது கையில் வந்த பிறகும் உள்ளே எங்கெங்கே கொண்டு போகக் கூடாது என்ற பட்டியல் நீளமானது, தோட்டா வகைக்கும் கட்டுப்பாடு உண்டு, அதனால் முதல் பயணத்துக்கு முன் வக்கீலைப் பாருங்கள். அப்புறம் ஒரு விஷயம், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். உங்கள் அண்ணன் ஹெச்-1பி விசாவில் இருப்பவராக இருந்தால், வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே அவருக்கு மத்தியச் சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. "இரண்டு நாள் உங்கள் அலமாரியில் இருக்கட்டும்" என்று அவரிடம் கொடுத்துவிட்டு வெளியே போகாதீர்கள்.